சருகு மூட்டை

மாசி மாதம் முழுக்க என் காலைக் காப்பி ஆறித்தான் போகும். எங்கள் தெருவில் ஐந்தரைக்கெல்லாம் வாசல் கூட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வேம்பு மொட்டையாகிற மாதம் அது. ராத்திரி உதிர்ந்தது விடியும்போது பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். விளக்குமாறு தரையில் உரசும் சத்தம் கேட்டதும் நான் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். கூட்டி ஓரமாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு முடித்து, தீப்பெட்டி எடுக்க உள்ளே போவார்கள். அந்த இடைவெளியில் போய் நின்றால் சருகு எனக்கு. பத்து நிமிஷம் பிந்தினால் நெருப்புக்கு.

“சருகுக்காரண்ணே வந்துட்டாரு, தீப்பெட்டிய உள்ள வைங்கடி” என்று எதிர்வீட்டுப் பெண் கேலி செய்யும். செய்யட்டும். அழகர்மலை அடிவாரத்தில் மாசியிலும் பங்குனியிலும் விழுகிற சருகுதான் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி எல்லாவற்றுக்கும் எனக்குக் கைமுதல். மழைக்காலத்தில் காசு கொடுத்தாலும் காய்ந்த இலை கிடைக்காது.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். மதுரைக்கும் அழகர்கோவிலுக்கும் நடுவிலுள்ள இருபது சொச்சம் கிலோமீட்டரிலேயே என் உத்தியோகத்தில் பாதி போய்விட்டது. ஓய்வுபெற்றதும், அப்பன்திருப்பதியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் எங்கள் பழைய வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் எட்டு சென்ட் இடம். அதில் 22 வீடுகளின் சமையல் கழிவையும் இரண்டு டீக்கடைகளின் சக்கையையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்கி வந்து எருவாக்குகிறேன். ஒன்பதாவது வருஷம் ஓடுகிறது. பழைய டிவிஎஸ் வண்டியில் மூன்று பெயிண்ட் வாளி, 20 லிட்டர் வாளிகள், மூடியோடு. இதுதான் தொழில் சாமான்.

குப்பை என்று பேச்செடுத்தால் எல்லோரும் ‘பிரிக்கணும்’ என்கிறார்கள். சரிதான். 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன: மக்குவது, மக்காதது, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு. தோட்டக் கழிவை அவரவர் இடத்திலேயே தனியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்றும், பொது இடத்தில் கொளுத்தக் கூடாது என்றும்கூட அதில் இருந்தது. ஆனால் பிரித்த பிறகு இரண்டை மறுபடி சேர்க்க வேண்டும் என்பதை எந்தச் சுவரிலும் எழுதிப் போடுவதில்லை. அடுப்படியிலிருந்து வருகிற ஈரமும் வாசலில் விழுகிற காய்ந்ததும் சேர்ந்தால்தான் எரு. ஈரம் மட்டும் என்றால் அது அழுகல். சருகு மட்டும் என்றால் இரண்டு வருஷம் ஆனாலும் சருகாகவே கிடக்கும். ஒரே வீட்டில், முன்வாசலில் ஒன்றைக் கொளுத்துகிறோம், பின்வாசல் வழியாக இன்னொன்றைக் குப்பை வண்டியில் கொட்டுகிறோம். நடுவில் பத்தடி தூரம்கூட இருக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூக்கால் தெரிந்துகொண்டேன்.

முதல் வருஷம் எனக்கு ஆர்வம் இருந்தது, சருகு இல்லை. கிணற்று உறை மூன்று வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தினமும் வாளி வாளியாகக் கொண்டுவந்து உள்ளே கொட்டினேன். காய்த்தோல், ஊசிப்போன சாம்பார், பழைய சோறு, தர்பூசணித் தோல். மேலே மண் தூவினால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பத்தாம் நாள் முட்டை அழுகிய நாற்றம். பன்னிரண்டாம் நாள் உறையின் இடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் கசிந்து பக்கத்து வீட்டுத் துணி துவைக்கிற கல்வரைக்கும் போய்விட்டது. அந்த வீட்டுக்காரர் எனக்குப் பங்காளி முறை. சத்தம் போடவில்லை. “ஏண்ணே, ரிட்டையர் ஆனா கோயில் குளத்துக்குப் போவாக. நீங்க என்ன சாக்கடையைக் கட்டி வச்சுருக்கீக?” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

உறையை உடைத்துக் குழி வெட்டி எல்லாவற்றையும் புதைக்க முடிவு செய்தேன். மம்பட்டி பிடிக்க வந்த பெரியவர், மேலூர்ப் பக்கம் நெல் விவசாயம் பார்த்தவர், மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “இது குழம்புல்ல. எருவுக்கு எலும்பு வேணாமா?” என்று கேட்டுவிட்டு, வேலியோரம் கிடந்த புங்கஞ்சருகைக் கூடை கூடையாக அள்ளிக் கொண்டுவந்து கொட்டினார். ஒரு கூடை அழுகலுக்கு மூன்று கூடை சருகு. கிளறினோம், மறுபடியும் கொட்டினோம். மூன்றாம் நாள் நாற்றம் போயிருந்தது. நாலாம் நாள் குவியலுக்குள் கைவிட்டேன், சுட்டது.

சருகை எலும்பு என்று அவர் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சமையல் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். அமுங்கி அமுங்கிக் களியாகிவிடும், உள்ளே காற்று போக வழியிருக்காது. காற்றில்லாத இடத்தில் வேறு வகைக் கிருமிகள் கிளம்பி அந்த முட்டை நாற்றத்தை உண்டாக்கும். சருகு நடுவில் நின்று இடைவெளி கொடுக்கிறது. பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவனுக்குக் காற்று வரும், நடுவில் நெருக்கியடித்து நிற்கிறவனுக்கு வராது. குவியலிலும் நடுவில் நிற்பதுதான் திணறும். நடுவிலிருப்பதை விளிம்புக்கும் விளிம்பிலிருப்பதை நடுவுக்கும் மாற்றிப் போடத்தான் வாரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறோம்.

இதற்குள் ஒரு கணக்கும் உண்டு. நுண்ணுயிர்கள் தின்பதற்குக் கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்று இருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். காய்கறிக் கழிவில் கரிமம் அதற்கும் குறைவு, சருகில் அதற்கும் மேலே. இரண்டையும் கலந்தால் ஏறக்குறைய அந்த அளவுக்கு வந்து நிற்கும். தராசு தேவையில்லை. ஒரு வாளி ஈரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வாளி சருகு. மீன் கழுவின கழிவு, டீச்சக்கை அதிகமுள்ள நாளில் மூன்று. வெறும் வாழைத்தோலும் வெங்காயச் சருகும் வருகிற நாளில் இரண்டே போதும். மேலே பழைய எருவில் ஒரு கூடை தூவுவேன், இட்லிமாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி சேர்க்கிற மாதிரி. சாணிக் கரைசல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் பழைய எருவே போதும். கடையில் விற்கிற பொடியை நான் வாங்குவதில்லை.

மூன்றடிக்கு மூன்றடியாவது அகலம், மூன்றடியாவது உயரம். அதற்குக் குறைந்தால் சூடு தங்காது. இதற்காகத்தான் 22 வீடு. ஒரு வீட்டுக் கழிவை மட்டும் வைத்துக்கொண்டு குவியல் போட்டால் பைய மக்குமே தவிரச் சூடேறாது. தனி வீட்டுக்காரர்களுக்கு மண்பானை போதும். மானாமதுரைப் பானையில் பக்கவாட்டில் துளையிட்டு வாங்கி, ஈரம் ஒரு கை, சருகு இரண்டு கை என்று போட்டு வந்தால் மூன்று நான்கு மாதத்தில் மக்கிவிடும். பானை நிற்கிற இடத்தில் ஒரு மூட்டை சருகும் நிற்க வேண்டும். அது இல்லாமல் பானை வாங்கினவர்களெல்லாம் இரண்டாம் மாதமே அதில் செம்பருத்தி வைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தே ஐந்து வீடு.

சூடு பார்க்க என்னிடம் இருப்பது கட்டடக் கம்பி ஒன்று, நாலடி நீளம். குவியலின் நடுவில் சொருகிப் பத்து நிமிஷம் விட்டு உருவிப் பிடிப்பேன். கையில் வைத்துக்கொண்டிருக்க முடிந்தால் சூடு போதாது. பிடித்த உடனே விட வேண்டியிருந்தால் சரி. அப்போது உள்ளே 55, 60 டிகிரி இருக்கும். நாலைந்து நாள் அந்தச் சூட்டில் இருந்தால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும், தக்காளி விதைகூட முளைக்காது. மார்கழிக் காலையில் புரட்டும்போது குவியலிலிருந்து ஆவி எழும்பும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வேலியோரம் நின்று, “தாத்தா இட்லி அவிக்கிறாரு” என்று சிரித்துவிட்டுப் போகும்.

ஈரம் பார்க்கக் கை. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஒழுகினால் சருகு போதவில்லை. பிழிந்த உருண்டை கையை விரித்ததும் உதிர்ந்துவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் வெளிப்பக்கம் காய்ந்துவிடும். காய்ந்ததும் கட்டெறும்பு குடியேறும். கட்டெறும்பைக் கண்டால் குழாயைத் திற என்பது என் கணக்கு. ஐப்பசி அடைமழையில் இதெல்லாம் தலைகீழாகிவிடும். தென்னங்கீற்றுக் கூரை இல்லையென்றால் அந்த மாதம் குவியலை யாரும் காப்பாற்ற முடியாது.

மற்றதை மூக்கு பார்த்துக்கொள்ளும். முட்டை நாற்றம் அடித்தால் காற்றில்லை. மூக்கில் சுருக்கென்று ஏறும் நெடி அடித்தால், ஆட்டுக்கொட்டகையில் அடிக்குமே அது, தழைச்சத்து கூடிப்போய் ஆவியாகப் பறக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து சருகுதான். புளிச்ச வாடை முதல் இரண்டு நாள் வரலாம், பயப்பட வேண்டாம். மூன்றாம் வாரம் புரட்டும்போது உள்ளே சாம்பல் தூவின மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் பூஞ்சைக்காளான் பிடித்து வீணாகிவிட்டது என்பார்கள். அது வேறு ஒரு நுண்ணுயிர்க் கூட்டம், நார்ச்சத்தைப் பிய்த்துத் தின்கிற வேலையைச் செய்வது. கோடை மழையின் முதல் தூறலில் மண்ணிலிருந்து வாசம் கிளம்புமே, அதே வாசத்துக்குச் சொந்தக்காரர்கள். அந்த வாசம் வந்துவிட்டால் நான் அன்றைக்கு இன்னொரு டீ குடிப்பேன்.

சருகிலும் சாதி உண்டு. வேம்பு மெல்லிசு, சீக்கிரம் மக்கும். புங்கை எல்லாவற்றிலும் உசத்தி, பயறு வகைக் குடும்பம் என்பதால் கொஞ்சம் தழைச்சத்தும் அதிலேயே இருக்கிறது. மாவிலை தோல்மாதிரித் தடித்தது. நான்கு மாதமானாலும் நரம்பு தெரியக் கிடக்கும், மிதித்து நொறுக்கித்தான் போட வேண்டும். நாட்டு வாதாம் இலை பெரிதாக இருந்தாலும் கையால் கசக்கினாலே பொடியாகும். புளியிலையை மட்டும் தனியே போடக் கூடாது. பொடி இலை ஒன்றோடொன்று ஒட்டி அடை தட்டின மாதிரிப் படிந்து காற்றை அடைத்துவிடும், மற்றதோடு கலந்தே போட வேண்டும். தைலமரத்து இலையை யாராவது ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தால், வாங்கிக்கொண்டு வேலியோரம் போட்டுவிடுவேன். மனசு நோகக் கூடாதல்லவா.

இதெல்லாம் புதுசு என்று சிலர் நினைக்கிறார்கள். என் அப்பத்தா மதுரைக்குள், ஒரு சந்து வீட்டில் பசு வைத்திருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு பின்கட்டில் கழனிப்பானை இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடிகஞ்சி, காய்த்தோல், மிச்சச் சோறு எல்லாம் அதில். சாயங்காலம் நான் தகரக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு வீடு ஏறி இறங்குவேன். வீடு வீடாய்ப் போய்க் கழிவு வாங்கும் வேலைக்கு நான் ஓய்வுபெற்ற பிறகு வரவில்லை, எட்டு வயசிலேயே வந்துவிட்டேன். ஒருநாளும் கழனிப்பானையில் பிளேடோ ஊக்கோ கிடந்ததில்லை. சோப்புத் தண்ணீரை அதில் யாரும் ஊற்ற மாட்டார்கள். எந்த மாடு குடிக்கப்போகிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும். அதன் கன்றுக்குப் பெயர் வைத்ததே எதிர்வீட்டுப் பெண்தான். மாடு போட்ட சாணியும் கொட்டகைக் கூளமும் ஊரிலிருந்து வருகிற வண்டியில் ஏறி வயலுக்குப் போகும். மாடு போனது, கழனிப்பானையும் போனது. அதற்குப் பிறகுதான் அந்தச் சந்துக்கு நாற்றம் வந்தது.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்கார விஞ்ஞானி செய்ததும் அடிப்படையில் இதைத்தான். பயிர்க் கழிவு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கி, சரியான நாளில் புரட்டி, ஏறக்குறைய மூன்று மாதத்தில் எருவாக்கினார். இந்தூர் முறை என்று உலகம் முழுக்கப் பெயர். யஷ்வந்த் வாட் என்ற இந்தியரோடு சேர்ந்து 1931-இல் புத்தகமும் போட்டார். இந்திய உழவர்களையும் பூச்சிகளையும் தம் ஆசிரியர்கள் என்று அவர் மதித்ததுதான் எனக்குப் பிடித்தது. பிறகு பெங்களூரில் சி.என். ஆச்சார்யா நகரக் குப்பைக்காக, புரட்டாமல் குழியில் மூடி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆள்கூலி மிச்சம், ஆனால் ஆறேழு மாதம் காத்திருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நம் மாவட்டத்துக்கே ஒரு பெரிய மனிதர் இதைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசினார். ஜே.சி. குமரப்பா. கணக்குத் தணிக்கை படித்தவர், காந்தியின் பொருளாதாரக்காரர். கடைசிக் காலத்தில் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்து, 1960 ஜனவரி 30-ஆம் தேதி மறைந்தார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காத பொருளாதாரம் கடனில் ஓடுகிற கடை என்பதுதான் அவர் எழுதியதில் நான் புரிந்துகொண்டது. தணிக்கைக்காரர் இல்லையா, வரவு செலவு பார்க்காமல் விடுவாரா? மதுரையில் குமரப்பா என்று கேட்டால் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

வாளிக்கு வருகிறேன். ஒரு வீட்டு வாளியைத் திறந்தால் அந்த வீட்டில் என்ன கிழமை என்று சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை மறுநாள் வாடின மல்லிகை, எலுமிச்சைத் தோல், தேங்காய் நார். திங்கட்கிழமை எலும்பு. கோழி எலும்பை நடுக்குவியலில் ஆழப் புதைத்தால் மிருதுவாகி நொறுங்கும். ஆட்டுக்கால் எலும்பு சல்லடையில் அப்படியே நிற்கும், அடுத்த குவியலுக்குத் திருப்பிப் போடுவேன். சில எலும்பு மூன்று குவியல் பார்த்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் மாங்கொட்டையாகவே வரும். அழகர்கோவில் தோசை மட்டும் ஒன்பது வருஷத்தில் என் வாளிக்கு ஒருதரமும் வந்ததில்லை.

ஒன்பது வருஷத்தில் கிடைத்த எவர்சில்வர் ஸ்பூன் 41. தட்டு வழிக்கும்போது சேர்ந்து விழுந்துவிடுகிறது. யாருடையது என்று தெரியாது, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார்கள். என்னைப் படுத்துவது ஸ்பூன் இல்லை. பால் பாக்கெட்டின் வெட்டின முனை. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். வாளியில் கண்ணுக்குப் படாது, குவியலில் படாது. மூன்று மாதம் கழித்து, கறுத்து உதிரியாய் விழுகிற எருவைக் கொத்தனாரின் மணல் சல்லடையில் சலிக்கும்போது, வெள்ளையும் நீலமுமாக, போட்ட அன்றைக்கு இருந்தபடியே கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். சல்லடைக் கண்ணில் நுழைந்து கீழே போனதும் உண்டு. ஒரு வருஷம் சலித்தெடுத்ததையெல்லாம் கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்து, வாளி வாங்கப் போகும்போது வீடு வீடாகக் காட்டினேன். “முனையை முழுசா வெட்டாதீங்கம்மா, பாதி வெட்டித் தொங்கவிட்டு ஊத்துங்க, பாக்கெட்டோடயே போயிரும்.” ஒரு டீச்சர் அம்மா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என் வீட்டுது எத்தனை?” என்று கேட்டார். அதன்பிறகு போட்ட குவியலைச் சலித்தபோது பாதியாகக் குறைந்திருந்தது. நோட்டீஸ் அச்சடித்திருந்தால் அதுவும் வாளிக்குள்ளேதான் வந்திருக்கும்.

வேலி தாண்டி வருகிறவர்களையும் சொல்ல வேண்டும். அழகர்மலைக் குரங்குகளுக்கு வாளி மூடி ஒரு பொருட்டில்லை. வண்டியை நிறுத்திவிட்டுக் குசலம் விசாரித்தால் தெருவெல்லாம் வாழைத்தோல் கிடக்கும். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடிமேல் மாட்டிய பிறகு கொஞ்சம் நிம்மதி. மயில் அப்படியில்லை. விடியற்காலையில் நாலைந்தாக வந்து குவியலைக் காலால் கிளறிப் புழு பொறுக்கும். முருகன் வாகனம் என்று பொறுத்துக்கொள்ளவில்லை, எனக்குப் புரட்டுக்கூலி மிச்சம் என்று விட்டுவிட்டேன். விரட்ட வேண்டியது காண்டாமிருக வண்டு. மட்கும் எருவில்தான் முட்டையிடும். வெள்ளை வெளேரென்று, கட்டைவிரல் தடிமனில், வளைந்து சுருண்டு கிடக்கும் அதன் புழுவை மண்ணுக்கு நல்லது செய்கிற ஜந்து என்று நினைத்து விட்டுவிட்டால், வண்டாகிப் பறந்து போய்ப் பக்கத்துத் தோப்பில் தென்னங்குருத்தைத் துளைக்கும். நம் எருக்குழி அடுத்தவன் தோப்புக்கு எமனாகிவிடக் கூடாது. புரட்டும்போது பொறுக்கி எடுத்துக் கோழிக்குப் போடுவது என் வழக்கம். சூடு நன்றாக ஏறுகிற குவியலின் நடுவில் அது தங்காது, ஆறின ஓரங்களில்தான் இருக்கும். சருகுக்குள் வெறுங்கையை விடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தேள் கொட்டி ஒரு ராத்திரி முழுக்க நான் போட்ட சத்தம் தெருவுக்கே தெரியும்.

ஆடி மாதம் கோவிலடியில் கூட்டம் கூடும்போது சில நாள் நானும் வண்டியை அந்தப் பக்கம் திருப்புவேன். பதினெட்டாம்படிக் கருப்பருக்கு நேர்ந்துகொண்டு கிடா வெட்டி, மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள். சாப்பிட்டு எழுந்ததும் இலைகளை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டால் சிரிப்பார்கள், பிறகு அவர்களே மடித்து அடுக்கித் தருவார்கள். வாழை இலையை முழுசாகப் போட்டால் பிளாஸ்டிக் தாள் மாதிரி அடுக்கடுக்காகப் படிந்து நிற்கும். அருவாமனையில் நாலாக நறுக்கிப் போட வேண்டும். இலையில் உள்ள உப்பும் எண்ணெயும் கெடுதல் செய்யுமா என்று கேட்பார்கள். ஒரு பந்தி இலைக்கு அதைப்போல் ஐந்து மடங்கு சருகு போட்டால் ஒன்றும் செய்யாது. இங்கேயும் சருகுதான் கணக்கு. முன்னெல்லாம் இலையை மட்டும் எடுத்தால் போதும். இப்போது இலைமாதிரியே அச்சடித்த காகிதம் வருகிறது, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. பார்வைக்குத் தெரியாது, கிழித்துப் பார்த்தால்தான் தெரியும். கிழித்துப் பார்த்து வாங்குகிறேன்.

எங்கள் பக்கத்தில் தூய்மைக் காவலர் பெண்கள் மூன்று சக்கர வண்டியோடு வருகிறார்கள். நான் அவர்கள் வேலையைப் பிடுங்குகிறேனோ என்ற சங்கடம் ஆரம்பத்தில் இருந்தது. இல்லை என்று அவர்களே சொன்னார்கள். ஈரம் குறைந்தால் வண்டி இலேசு, நாய் துரத்தாது. ஒரு ஊரில் மக்கும் குப்பைக்கென்று அழகாகத் தொட்டி கட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, பெயர்ப்பலகையும் மாட்டியிருந்தார்கள். ஈரக்குப்பை மட்டும் வந்து விழுந்தது. பக்கத்து ரோட்டில் மலைமலையாகக் கூட்டிய சருகுக்கு நெருப்பு வைத்தார்கள். மூன்று மாதத்தில் தொட்டியை மூடிவிட்டார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். நான் என் கிணற்று உறையில் செய்த அதே தப்பு, கொஞ்சம் பெரிசாக. அங்கே வேலை பார்த்த அக்காதான் இப்போது எனக்கு வாரத்துக்கு இரண்டு மூட்டை சருகு எடுத்து வைக்கிறது. பதிலுக்கு அது வீட்டு முருங்கைக்கும் கத்தரிக்கும் எரு.

எருவை நான் விற்பதில்லை. வாளி கொடுக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டை, சலித்தது. மீதி எங்கள் மல்லிகைக்கு, கவாத்து முடித்த கையோடு. கொடுக்குமுன் ஒரு சோதனை உண்டு. தேங்காய்ச் சிரட்டையில் எருவும் மண்ணும் பாதிப் பாதி போட்டு இருபது வெந்தயம் விதைப்பேன். நாலு நாளில் பதினாறுக்குமேல் முளைத்துப் பச்சையாக நின்றால் எரு பழுத்துவிட்டது. மஞ்சளாகித் தலை கவிழ்ந்தால் இன்னும் பத்து நாள் கிடக்கட்டும் என்று அர்த்தம். பச்சை எருவைச் செடிக்குப் போட்டால் வேரைச் சுட்டுவிடும். அவசரப்பட்டு ஒரு தடவை கொடுத்து, ஒரு வீட்டின் மாடித்தோட்டத்துத் தக்காளி முழுவதையும் பலிகொடுத்தேன். அந்த அம்மா இன்றைக்கும் வாளி தருகிறது, எரு மூட்டையை மட்டும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறது.

ஒரு நடைக்கு மிதித்துக் கட்டின சருகில் அரைச் சாக்கு ஆகிறது. வருஷம் முழுக்க ஓட்ட 90 சாக்கு வேண்டும். போன வருஷம் 61-தான் சேர்ந்தது. கார்த்திகையோடு தீர்ந்துபோய், தை வரைக்கும் ஆசாரிப் பட்டறை மரத்தூளையும் தேங்காய் நாரையும் வைத்துச் சமாளித்தேன். மரத்தூளில் கரிமம் மிகமிக அதிகம், ஆறின கஞ்சிமாதிரிக் குவியல் சூடேறாமல் கிடந்தது.

இன்று மாசி 18. கீற்றுக்கொட்டகையில் 34 சாக்கு ஏறியிருக்கிறது. பங்குனி கடைசிவரை வேம்பு உதிரும், நடுவில் புங்கையும் வாகையும் சேரும். நீங்கள் அழகர்கோவில் ரோட்டில் எங்கேயாவது குடியிருந்தால், வாசலில் கூட்டியதை ஒரு பழைய அரிசிச் சாக்கில் போட்டு, ஏறி நின்று மிதித்து, வாயைக் கட்டித் திண்ணையோரம் வையுங்கள். நனையாமல் இருந்தால் போதும். ஒற்றைப்படைத் தேதிகளில், ஆறு மணிக்கு முன்னால் வண்டி வரும்.